இரண்டு டியூப் அரால்டைட்டும் ஒரு செல்லின் படமும்



சென்ற வாரம் உடைந்த ஊறுகாய் ஜாடியை ஒட்ட அரால்டைட் வாங்கினேன். ஒரு டியூப்பில் ரெசின், இன்னொன்றில் ஹார்டனர். "தாத்தா, ஒன்றை மட்டும் பூசினால் ஒட்டாதா?" என்றாள் பேத்தி. ஒட்டாது. ரெசின் தனியே இருந்தால் தேன் மாதிரியே கிடக்கும். ஹார்டனர் சேர்ந்தால்தான் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து இறுகும்.

இந்த ரெசின் பசையாகப் பிறக்கவில்லை. 1930களில் சுவிட்சர்லாந்தில் பியர் காஸ்டான் என்ற வேதியியலாளர் பல்செட் செய்வதற்காக உருவாக்கியது. அவர் பயன்படுத்திய ஹார்டனர் தாலிக் அன்ஹைட்ரைடு. பல் வைத்தியத்தில் அது எடுபடவில்லை. உரிமையைப் பெற்ற சிபா நிறுவனம் 1946இல் அரால்டைட் என்ற பெயரில் பசையாக அறிமுகப்படுத்தியது.

அந்தச் சமயத்தில் எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் வைத்திருந்தவர்களுக்கு ஒரு பெரிய சிக்கல். எலக்ட்ரான்கள் ஊடுருவ வேண்டுமானால், திசுவைத் தலைமுடியின் தடிமனில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு கனத்துக்குச் சீவ வேண்டும். மெழுகில் பதித்தால் அவ்வளவு மெல்லிசாக வெட்ட வராது. 1949இல் மெத்தாக்ரிலேட் பிளாஸ்டிக் வந்தது. நன்றாக வெட்ட வந்தது. ஆனால் இறுகும்போது 15 முதல் 20 சதவீதம் வரை சுருங்கியது; சில செல்கள் சிதைந்தே போயின. படத்தில் தெரிகிற ஓட்டை செல்லில் இருந்ததா, பிளாஸ்டிக் உண்டாக்கியதா என்ற சந்தேகம் தீரவில்லை.

1956இல் கேம்பிரிட்ஜில் ஆட்ரி கிளாவர்ட்டும் உடனிருந்தவர்களும் அரால்டைட்டை எடுத்தார்கள். நம் வீட்டு டியூப்பில் உள்ள அமீன் வகை ஹார்டனர் சீக்கிரம் இறுகிவிடும். திசுவுக்குள் ஊறுவதற்கு நேரம் தராது. அவர்கள் சேர்த்தது டி.டி.எஸ்.ஏ. என்ற அன்ஹைட்ரைடு. அது அவசரப்படாது. செல்லின் மூலைமுடுக்கெல்லாம் ஊறிய பிறகு, மிதமான சூட்டில் மெல்ல இறுகும். சுருக்கமும் மிகக் குறைவு.

1961இல் அமெரிக்காவில் ஜான் லுஃப்ட், எப்பான் 812 என்ற ரெசினுக்கு இரண்டு ஹார்டனர்களைக் கலந்தார். டி.டி.எஸ்.ஏ. கூடினால் கட்டி மென்மையாகும். நாடிக் மெத்தில் அன்ஹைட்ரைடு கூடினால் கடினமாகும். இட்லிக்கும் தோசைக்கும் உளுந்தின் அளவை மாற்றுகிறோமே, அப்படி. எலும்புக்கு ஒரு பதம், ஈரலுக்கு ஒரு பதம்.

ஒரே எச்சரிக்கை: அன்ஹைட்ரைடுக்கு ஈரம் ஆகாது. ஈரக்காற்று பட்டால் அமிலமாக மாறிவிடும். கட்டி சரியாக இறுகாது, வெட்டவும் முடியாது. பல நாள் உழைப்பு வீண்.

இதை ஏன் எழுதுகிறேன் என்றால், எனக்கு ஒரு குறை இருக்கிறது. கரும்பலகையில் மைட்டோகாண்ட்ரியாவை வரைந்து, "செல்லுக்குள் இப்படித்தான் இருக்கும்" என்று உங்களிடம் எத்தனை முறை சொல்லியிருப்பேன்! தண்ணீரை நீக்கி, ரெசினில் ஊறவைத்து, இறுகவைத்து, சீவிய துண்டில் பார்த்த காட்சி அது என்று ஒருநாளும் சொன்னதில்லை. காட்சி பொய்யல்ல. ஆனால் அதை எப்படிப் பார்த்தார்கள் என்பதும் பாடம்தான். மதிப்பெண் அவசரத்தில் அதை விட்டுவிட்டேன்.

உங்கள் பிள்ளைகள் புத்தகத்தில் செல்லின் படத்தைக் காட்டினால், "இதை எப்படிப் பார்த்தார்கள்?" என்று கேட்கச் சொல்லுங்கள். நான் விட்ட பாடத்தை நீங்கள் நடத்துங்கள்.