தாம்பரத்துக் காற்றும் சேத்துப்பட்டுக் கணக்கும்

சென்னையிலிருந்து தெற்கே செல்லும் மின்சார இரயில், தாம்பரத்தை அடையுமுன் ஒரு நிலையத்தில் நிற்கிறது. நோயாளர் விடுதியின் பெயரையே தன் பெயராகத் தாங்கிய நிலையம் அது: தாம்பரம் சானடோரியம்! நாள்தோறும் அதைக் கடந்து செல்லும் நாம், அந்தப் பெயருக்குள் அடங்கிய வரலாற்றை எண்ணிப் பார்த்ததுண்டா?

எலும்புருக்கி என்ற சொல் கேட்டாலே குடும்பம் குலைநடுங்கிய காலம் இருந்தது. முன்வினை என்றனர் சிலர்; கிரகக் கோளாறு என்றனர் சிலர். 1882இல் இராபர்ட் காக் எனும் செர்மானிய அறிஞர், நோய்க்குக் காரணம் கிருமியே என்று மெய்ப்பித்தார். ஆனால் அக்கிருமியைக் கொல்லும் மருந்து, மேலும் அறுபதாண்டுக் காலம் கிட்டவில்லை. தூய காற்று, ஓய்வு, ஊட்டமான உணவு—மருத்துவர் கையிலிருந்தவை இவையே. இங்கிலாந்தில் காசநோய் விடுதி நடத்திய டாக்டர் சவுரி முத்து, அந்த நம்பிக்கையோடுதான் 1928இல் தாம்பரத்தில் விடுதி எழுப்பினார். 1937இல் அரசு அதனை ஏற்றது. நன்றியோடு நினைக்கத்தக்க பணி! எனினும், நல்லெண்ணம் வேறு, சான்று வேறு.

1940களில் ஸ்ட்ரெப்டோமைசினும் பாஸ் மருந்தும் வந்தன. 1952இல் ஐசோனயசிட் வந்தது. மருந்து வந்த பின்னும் விடுதிப் படுக்கை தேவைதானா? 'தேவை' என்றே உலகெங்கும் மருத்துவர் பலர் நம்பினர். குடிசையில் கிடப்பவன் குணமடைவானா, அவன் பிள்ளைகளுக்கும் நோய் தொற்றாதா என்று அஞ்சினர். நாட்டிலோ நோயாளர் பல இலட்சம். படுக்கைகளோ மிகக் குறைவு. கூலி வேலையை விட்டு ஓராண்டு விடுதியில் படுக்க ஏழையால் இயலுமா?

விடை காண 1956இல் சேத்துப்பட்டில் காசநோய் மருந்து ஆய்வு நிலையம் தோன்றியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை கைகோத்தன. வாலஸ் பாக்ஸ் தலைமை ஏற்றார். நகரத்து ஏழை நோயாளர், இருநூறு பேருக்கும் குறைவானோர், இரு பிரிவாயினர். ஒரு பிரிவினர் விடுதியில்; மற்றவர் தம் வீட்டில். யார் எங்கே என்பதை மருத்துவர் முடிவு செய்யவில்லை. சீட்டுக் குலுக்குவது போன்ற முறையே முடிவு செய்தது. ஏன்? நலிந்தவரை விடுதிக்கும் தெம்புள்ளவரை வீட்டிற்கும் அனுப்பிவிட்டால், ஒப்பீடே பொய்யாகிவிடுமன்றோ! இரு பிரிவினருக்கும் ஒரே மருந்து: ஐசோனயசிட்டும் பாஸும், ஓராண்டு.

1959இல் முடிவு வெளிவந்தது. நோய் அடங்கியோர் விடுதியில் நூற்றுக்கு 92, வீட்டில் 86. வீட்டிலிருந்தவர் உண்டது குறைவு, உழைத்தது அதிகம், வாழ்ந்ததோ நெரிசலில். அப்படியிருந்தும் இவ்வளவே வேறுபாடு! பின்னர் ஐந்தாண்டு வரை தொடர்ந்து பார்த்தனர். வீட்டிலிருந்தவருக்கு நோய் மீள்வதும் மிகவில்லை. அவர்தம் குடும்பத்தாருக்குத் தொற்றுவதும் மிகவில்லை.

எளிதாக வந்த வெற்றியன்று இது. சில வாரங்களிலேயே இருமல் தணியும், காய்ச்சல் விலகும், 'இனி மருந்தெதற்கு?' என்று மனம் கேட்கும். கிருமியோ உள்ளே பதுங்கியிருக்கும். குணமானது போல் தோன்றும் உடலோடு மாதக்கணக்கில் மருந்துண்டு வாழ்வதே நோயாளியின் பெரும் போராட்டம். ஆகவே பணியாளர் முன்னறிவிப்பின்றி வீடு சென்று, மிஞ்சிய மருந்தை எண்ணினர்; சிறுநீரைச் சோதித்தனர். 'உண்டேன்' என்ற சொல்லையும் சோதித்தே ஏற்றனர்.

உணவு வேண்டாம் என்பதா இதன் பொருள்? இல்லை. ஜார்க்கண்டில் நடந்து 2023இல் வெளிவந்த ஆய்வு, நோயாளர் குடும்பங்களுக்கு உணவுப் பொருள் வழங்கியபோது அக்குடும்பங்களில் புதிதாக நோய் தோன்றுவது ஏறத்தாழ நூற்றுக்கு நாற்பது பங்கு குறைந்ததெனக் காட்டியது. மருந்து, வந்த நோயைத் தீர்க்கும். பசி, புதிய நோய்க்கு வழி திறக்கும். கேள்வி வேறு, விடையும் வேறு.

தோழர்களே! நாட்பட்ட நோயாளியின் ஏக்கத்தை முதலாக்கி வாணிகம் செய்வோர் இன்றும் பலர். தாயத்தோடு வருபவரிடம் மட்டுமல்ல, வெள்ளை அங்கியோடு வருபவரிடமும் கேட்போம்: எத்தனை பேருக்குக் கொடுத்தீர்? யாரோடு ஒப்பிட்டீர்? எத்தனை ஆண்டு தொடர்ந்து பார்த்தீர்? இக்கேள்விகளுக்கு நேர்மையான விடை பெற்றுத் தந்தவர்கள், ஓராண்டுக் காலம் நாள் தவறாது மருந்துண்ட சென்னை நகரத்து ஏழைகள்!