கொடி பிடிச்சவங்க எப்போ ஆட ஆரம்பிச்சாங்க?

போன எபிசோடில் அமெரிக்க டிரம் கோர் அணிகளைப் பற்றிப் பேசினேன். கூடவே கொடியோடு ஆடுற கலர் கார்டை அப்படியே விட்டுட்டேன். இன்னைக்கு அவங்க கதை.

இதோட வேர் பட்டாளம்தான். நடுவுல தேசியக் கொடி, காவலுக்குத் துப்பாக்கி. முன்னாள் படைவீரர் சங்கங்கள் நடத்திய போட்டிகளில் நடுவர்கள் ஒவ்வொரு தப்புக்கும் 0.1 கழிப்பாங்க. கால் மாறினா கழி, கொடி சாய்ஞ்சா கழி. எங்க ஆபீஸில் ஒரு வருஷம் பக் எண்ணிக்கையை வச்சு மார்க் போட்டாங்க. அந்த வருஷம் யாருமே கஷ்டமான கோடைத் தொடலை! இங்கேயும் அதே கணக்குதான். ஆடினா தப்பு வரும், அதனால நேரா நடந்தாங்க.

1977-இல் வின்டர் கார்ட் இன்டர்நேஷனல் தொடங்கியது. குளிர்காலம், உள்ளரங்கம், பதிவு செய்த இசை. பின்னால் பேண்ட் கிடையாது. பார்க்கிறவங்க கண்ணு முழுக்க கார்டு மேலதான். வெறும் அணிவகுப்பை வச்சு அத்தனை நிமிஷத்தை நிரப்ப முடியுமா? பாலே வந்தது, ஜாஸ், மாடர்ன் டான்ஸ் எல்லாம் வந்தது. வெளியே டிரம் கோர் மைதானத்திலும் 1984-இல் டிசிஐ அந்தக் கழித்தல் முறையைக் கைவிட்டது.

இன்னைக்கு வின்டர் கார்ட் மதிப்பெண் தாளைப் பாருங்க. கொடி, மரத் துப்பாக்கி, வாள் இதையெல்லாம் கையாளுறதுக்கு 20. உடலசைவுக்கும் அதே 20. துப்பாக்கியைத் தூக்கிப் போட்டுட்டு, அது மேலே சுத்துற நேரத்துல கீழே இவங்களும் சுத்திட்டு வந்து பிடிக்கிறாங்க. கைநழுவினா இப்பவும் அடிதான். ஆனா அந்தச் சுத்துக்கு இப்போ மார்க் இருக்கு.