நாகசுரமும் இசைத்தட்டும்

கும்பகோணத்திலிருந்து திருவாரூர் செல்லும் சாலையில் அமைந்த குடவாசல், கோச்செங்கட் சோழன் எடுப்பித்ததாகப் போற்றப்படும் கோணேசர் மாடக்கோயிலாலும், சங்கத் தொகைகளில் இடம்பெற்ற குடவாயிற் கீரத்தனார் என்னும் புலவராலும் அறிஞர் உலகில் பெயர் பெற்ற ஊர். ஆயினும் சங்கீத ரஸிகர்களுக்கு அவ்வூரின் மேன்மை அதைச் சூழ்ந்த கிராமங்களில் விளங்குகிறது. சகோதரர்களின் இரட்டை நாகசுரத்தால் பிரக்யாதி பெற்ற திருவீழிமிழலை, முத்துஸ்வாமி தீக்ஷிதரின் கீர்த்தனங்களைப் பாடாந்தரம் பிசகாமல் காத்த திருப்பாம்புரம், ஸ்ரீநிவாஸய்யரின் பெயரோடு ஒன்றாகிவிட்ட செம்மங்குடி ஆகிய மூன்றும் குடவாசல் வட்டத்தைச் சேர்ந்தவை. இச்சிறு நிலப்பரப்பிலும் இதன் அண்டை அயலிலும் பல தலைமுறைகளாகக் கோயில் வீதியே அரங்கமாக வளர்ந்த நாகசுரம், இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் கிராமபோன் என்னும் யந்திரத்தை எதிர்கொண்டபோது எதைப் பெற்றது, எதை இழந்தது என்று ஆராய்வது நம் சங்கீத சரித்திரத்தின் இன்றியமையாத பகுதி என்று கருதுகிறேன்.

இசைத்தட்டு வருவதற்கு முன்னர் இந்தச் சங்கீதம் எத்தகைய விஸ்தாரம் உடையதாக இருந்தது என்பதை முதலில் மனத்தில் நிறுத்த வேண்டும். ஸ்வாமி புறப்பாட்டின்போது முதலில் ஒலிப்பது மல்லாரி. கம்பீரநாட்டையில், சாஹித்யம் ஏதுமின்றி, தவிலின் ஜதியோடு ஜதியாக நடந்து, தெய்வம் எழுந்தருளும் செய்தியை ஊருக்கு அறிவிக்கும் வீரச்சுவை ததும்பும் உருப்படி அது. தேருக்கு ஒன்று, தீர்த்தத்துக்கு ஒன்று, தளிகைக்கு ஒன்று என அதிலேயே வகைகள் உண்டு. மல்லாரி முடிந்து கோபுர வாயிலைக் கடந்த பின்னர் ராக ஆலாபனை தொடங்கும்; ஒரு வீதியில் எடுத்த ராகம் மறு வீதியில் வளர்ந்து, மூன்றாம் வீதியில் பல்லவியாகி, இடையிடையே தவில்காரர்களின் தனி ஆவர்த்தனத்தால் பொலிந்து, உத்ஸவ காலங்களில் இரவு முழுவதும் நடந்து விடியற்காலையில் நிலைக்குத் திரும்புவது வழக்கம். காலையில் பூபாளமும் பிலஹரியும், நள்ளிரவில் பள்ளியறைச் சேவைக்கு நீலாம்பரியும் என்று வேளைக்கு ஏற்ற ராகங்கள் வகுக்கப்பட்டிருந்தன. இவ்வாறு காலம், இடம், சடங்கு ஆகிய மூன்றும் சேர்ந்து அமைத்த பெருவெளியில்தான் மனோதர்மம் தன் முழு உயரத்துக்கும் எழ முடிந்தது.

இந்தப் பெருவெளிக்கு நேர் எதிரான ஒரு வஸ்துவாக வந்து சேர்ந்தது இசைத்தட்டு. 1902-ஆம் ஆண்டு இறுதியில் ப்ரெட் கைஸ்பர்க் என்னும் ஒலிப்பதிவாளர் கல்கத்தாவுக்கு வந்து கௌஹர் ஜானின் பாட்டைப் பதிவு செய்ததிலிருந்து நம் நாட்டில் இவ்வியாபாரம் தழைக்கலாயிற்று. தொடக்கத்தில், இங்கே பதிவான மெழுகு வட்டுகள் கப்பலேறி ஜெர்மனியின் ஹானோவர் நகருக்குச் சென்று, அங்கே தட்டுகளாக வார்க்கப்பட்டுத் திரும்பின. 1908-இல் கல்கத்தாவில் தொழிற்சாலை நிறுவப்பட்ட பிறகே அவ்வேலை இந்நாட்டில் நடைபெற்றது. உலகெங்கும் சுழன்ற அத்தட்டுகளுக்கு மூலப்பொருளாக இருந்ததோ, இந்நாட்டுக் காடுகளில் சிறு பூச்சிகள் மரக்கிளைகளில் சுரந்து வைத்த அரக்கு. நிமிஷத்துக்கு 78 முறை சுழலும் பத்தங்குலத் தட்டு ஒன்றின் ஒரு பக்கம் ஏறக்குறைய மூன்று நிமிஷமே ஓடும். அது முடிந்ததும் தட்டைத் திருப்பி, ஊசியை மாற்றி, சாவி கொடுத்து மீண்டும் ஓடவிட வேண்டும்.

இந்த மூன்று நிமிஷத்தின் கொடுமையை நம் வித்வான்கள் மட்டும் அனுபவிக்கவில்லை. நம் சங்கீத மும்மூர்த்திகளின் காலத்தவராகிய பீத்தோவன், சியாமா சாஸ்திரிகள் மறைந்த அதே 1827-இல் மறைந்தவர்; அவருடைய மூன்றாவது சிம்பனி 'எரோயிகா' என்னும் வீர சிம்பனி. முதலில் நெப்போலியனை எண்ணி இயற்றப்பட்டு, அவன் தன்னைச் சக்கரவர்த்தியாக அறிவித்துக்கொண்டதும் அவன் பெயர் நீக்கப்பட்டு, 1805 ஏப்ரல் 7 அன்று வியன்னாவில் பொதுமக்கள் முன்னிலையில் வாசிக்கப்பட்ட அது, ஏறக்குறைய ஐம்பது நிமிஷம் நீளும் மஹா ரசனை. ஒலிவாங்கி இல்லாத தொடக்க நாட்களில் வாத்தியக்காரர்கள் ஒரு பெரிய புனலின் முன்னால் நெருங்கி நின்று வாசிக்க வேண்டியிருந்தமையால், இத்தகைய சிம்பனிகளைப் பதிவு செய்வதே ஒரு துணிகரச் செயலாகக் கருதப்பட்டது. பீத்தோவனின் ஐந்தாவது சிம்பனியை ஆர்தர் நிக்கிஷ் பெர்லின் வாத்தியக் குழுவைக் கொண்டு 1913-இல் பதிவு செய்தது அக்காலத்தில் பெருஞ்சாதனை. 1925-க்குப் பிறகு மின்சார முறை பரவியது. 1936-இல் பெலிக்ஸ் வைங்கார்ட்னர் வியன்னா வித்வான்களைக் கொண்டு வீர சிம்பனியைப் பதிவு செய்தபோதும் அது பல தட்டுகளாகவே வெளிவந்தது. அதன் இரண்டாம் பகுதியாகிய இறுதி ஊர்வல இசையைக் கேட்பவர், சோகம் பெருகிவரும் தருணத்தில் எழுந்து தட்டைத் திருப்ப வேண்டியதாயிற்று.

எனினும் அவர்களுக்கும் நமக்கும் ஒரு பெரிய வேற்றுமை உண்டு. சிம்பனி காகிதத்தில் முழுமையாக எழுதப்பட்டிருக்கிறது. தட்டு அதை எத்தனை துண்டுகளாக வெட்டினாலும், துண்டுகளை வரிசையாகச் சேர்த்தால் முழு உருவம் திரும்பக் கிடைத்துவிடும். நம் ஆலாபனையோ எந்த ஏட்டிலும் எழுதப்படாமல், வாசிக்கும் கணத்திலேயே பிறப்பது. ஆகவே நாலு மணி நேர ஆலாபனையைத் துண்டுகளாக வெட்டித் தட்டில் ஏற்றும் மார்க்கமே நமக்குக் கிடையாது. தட்டின் அளவுக்கேற்ற புதியதோர் ஆலாபனையை வித்வான் அந்த இடத்திலேயே சிருஷ்டித்தாக வேண்டும். இசைத்தட்டில் உள்ள நம் ராகங்கள் பெரிய கச்சேரிகளின் மாதிரித் துணுக்குகள் அல்ல. சுருக்கத்தையே இலக்கணமாகக் கொண்ட தனி ரசனைகள் என்ற உண்மையை உணர்ந்தாலொழிய அவற்றின் பெருமையை நாம் அளவிட முடியாது.

குடவாசல் வட்டத்து வித்வான்கள் இந்தப் புதிய நிலைமையைச் சந்தித்த விதம் கவனிக்கத்தக்கது. திருப்பாம்புரம் நடராஜசுந்தரம் பிள்ளையும் அவர் சகோதரர் சிவசுப்பிரமணிய பிள்ளையும் இருவராகச் சேர்ந்து நாகசுரம் வாசிக்கும் மரபுக்கு வழிகாட்டியவர்கள். சாத்தனூர் பஞ்சநதய்யரிடம் தீக்ஷிதர் கீர்த்தனங்களைப் பாடம் செய்தவர்கள். நடராஜசுந்தரம் பிள்ளை 1936-இல் 'தீக்ஷித கீர்த்தனைப் பிரகாசிகை' என்ற நூலை ஸ்வரக் குறிப்புடன் வெளியிட்டார். அவர் குமாரர் ஸ்வாமிநாத பிள்ளை புல்லாங்குழலில் அந்தப் பாடாந்தரத்தைத் தொடர்ந்தார். தட்டு வருங்காலச் சந்ததிக்காக ஒலியைக் காத்த காலத்தில் இவர்கள் அச்செழுத்தினால் உருவத்தைக் காத்தார்கள். திருவீழிமிழலை சகோதரர்களாகிய சுப்பிரமணிய பிள்ளையும் நடராஜசுந்தரம் பிள்ளையுமோ கிருதிகளைப் பாடகர் பாடுவதுபோல் அக்ஷரசுத்தமாக வாசிப்பதில் தேர்ந்தவர்கள். பல்லவியும் அனுபல்லவியும் சரணமும் கொண்டு வரையறுத்த வடிவம் உடைய கிருதி, தட்டின் வரம்புக்குள் இயல்பாகவே அமைந்துகொண்டமையால், இவர்கள் வாசிப்பு இசைத்தட்டில் நன்கு எடுபட்டது. எல்லையற்ற ராகத்தைத் தட்டில் அடக்குவதுதான் எஞ்சியிருந்த கடினமான காரியம்.

அக்காரியத்தைச் சாதித்தவர் திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளை. 1898 ஆகஸ்டு 27 அன்று திருமருகலில் பிறந்து, திருவாவடுதுறையில் வளர்ந்து, திருக்கோடிக்காவல் கிருஷ்ணய்யரிடம் முதலில் வாய்ப்பாட்டும், அம்மாசத்திரம் கண்ணுஸ்வாமி பிள்ளையிடம் நாகசுரமும் பயின்றவர் அவர். வாய்ப்பாட்டில் தொடங்கிய அந்த அப்பியாஸமே பிற்காலத்தில் அவருடைய நாகசுரத்துக்குக் குரலின் நெகிழ்ச்சியைத் தந்தது என்று எண்ண இடமுண்டு. அவர் காலம் வரை புழங்கிய திமிரி நாகசுரம் உருவில் சிறியது, சுருதியில் உச்சமானது. அதில் சுத்த மத்யமத்தை மூச்சின் பக்குவத்தாலேயே பிடிக்க வேண்டியிருந்தது. கும்பகோணத்துக்கு அருகிலுள்ள நரசிங்கம்பேட்டையில் ரங்கநாதன் ஆசாரியார் இராஜரத்தினத்துக்காக வடித்துத் தந்த பாரி நாகசுரம் நீளத்திலும் கனத்திலும் பெரியதாகி, சுருதி தாழ்ந்து, சுத்த மத்யமம் தானாகவே நேராக ஒலிக்கும்படி அமைந்தது. தோடி ராகத்துக்குச் சுத்த மத்யமம் உயிர்நிலைகளுள் ஒன்று என்பதை நினைத்தால், ஆசாரியாரின் உளிக்கும் அந்த ராகத்தின் விஸ்தாரத்துக்கும் உள்ள சம்பந்தம் விளங்கும்.

நாகசுரத்தை அருகில் வைத்துப் பார்த்தவர்களுக்கே அதன் பக்குவம் தெரியும். பழைய வீடுகளின் தூண்களிலும் உத்தரங்களிலும் பல்லாண்டு உலர்ந்த ஆச்சா மரத்தைக் கடைந்து உலவு செய்வார்கள். அடியில் அணசு பொருத்துவார்கள். மேலே கெண்டையில் சீவாளி ஏறும். சீவாளியோ காவிரிப் படுகையின் நாணல் தட்டையைப் பதப்படுத்திச் செய்வது. வாத்தியத்தோடு கயிற்றில் சேர்த்துக் கட்டிய பல சீவாளிகளில் ஒன்றை எடுத்து, எச்சிலில் நனைத்து, ஊதிப் பார்த்து, பிடிக்காவிட்டால் கழற்றி வேறொன்றைப் பொருத்தி, காற்றின் ஈரத்துக்கும் வேளைக்கும் இசைந்த ஒன்றைத் தேர்ந்த பிறகே வித்வான் ராகத்தைத் தொடுவார். வீதியில் இதற்குக் காலம் உண்டு. ஒலிப்பதிவு அறையில், சிவப்பு விளக்கு எரிந்ததும் முதல் மூச்சே மெழுகில் பதிந்துவிடும். பிசகினால் அந்த வட்டு முழுவதும் வீண். ஊருக்கு வெளியே வயல்வெளிவரை கேட்கும் வாத்தியத்தை, நாலு சுவர்களுக்குள், ஒலிவாங்கி தாங்கும் அளவுக்கு அடக்கி, அதேசமயம் அதன் காம்பீர்யம் குன்றாமல் வாசிப்பது தனியொரு வித்தை.

இராஜரத்தினத்தின் தோடித் தட்டு இந்த வித்தையின் உச்சம். காந்தாரத்தின் அசைவில் தயங்கி நின்று, தைவதத்தையும் நிஷாதத்தையும் தொட்டு மேலேறி, மின்னல் வேகப் பிருகாக்களைச் சிதறவிட்டு, தார ஷட்ஜத்தில் மூச்சு இற்றுவிடுமோ என்று அஞ்சும் அளவுக்குக் கார்வை கொடுத்து இறங்கும் அவருடைய பாணியில், நாலு வீதி சுற்றும் ராகத்தின் அங்கங்கள் யாவும் குறைவின்றி அமைந்திருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு கணமே நிற்கிறது என்பது மட்டுமே வேறுபாடு. தோடி என்றால் இராஜரத்தினம், இராஜரத்தினம் என்றால் தோடி என்று தமிழ்நாடு முழுவதும் பேசலாயிற்று. அவர் நாகசுரத்தின் ஓட்டத்தைத் தம் குரலில் கொண்டுவந்த பாடகர்களுள் ஜி. என். பாலசுப்பிரமணியம் முதன்மையானவர்.

தட்டு செய்த மற்றோர் உபகாரத்தை அழுத்திச் சொல்லியாக வேண்டும். நாகசுர வித்வான் மேல்வேஷ்டியை இடுப்பில் கட்டி, திறந்த மார்போடு, பிரபுக்களின் வாயிலில் நின்றபடியே வாசிக்க வேண்டும் என்று சமூகம் விதித்திருந்த காலம் அது. பாட்டுக்காரருக்கும் பிடில்காரருக்கும் கிடைத்த மேடை அவருக்கு மறுக்கப்பட்டது. இராஜரத்தினம் கிராப்பு வைத்து, ஷெர்வாணி அணிந்து, ஒத்துக்குப் பதிலாகத் தம்புராவைச் சுருதிக்கு வைத்துக்கொண்டு, மேடையில் அமர்ந்து வாசிப்பேன் என்று உரிமை கொண்டாடினார். அந்தப் போராட்டத்துக்கு இசைத்தட்டு மௌனமாகத் துணை நின்றது. ஏனெனில் தட்டைக் கேட்பவன் வித்வான் நிற்கிறாரா அமர்ந்திருக்கிறாரா, எந்தக் குலத்தில் பிறந்தவர் என்று பார்ப்பதில்லை, சங்கீதத்தை மட்டுமே கேட்கிறான். கோயிலுக்குள் நுழையும் உரிமை மறுக்கப்பட்டிருந்தவர்களும் காபி கடை வாயிலில் நின்று கோயில் சங்கீதத்தின் சிகரத்தைக் கேட்க முடிந்தது. நாகசுரம் தன் சரித்திரத்தில் பெற்ற விடுதலைகளுள் இதனை நான் தலையாயதாக மதிக்கிறேன்.

பிறகு வானொலி வந்தது. 1938-இல் சென்னையிலும் 1939-இல் திருச்சியிலும் நிலையங்கள் அமைந்தபின் மூன்று நிமிஷத் தளை தளர்ந்து, ராகம் ஓரளவு மூச்சுவிட இடம் கிடைத்தது. 1956 டிசம்பர் 12 அன்று இராஜரத்தினம் மறைந்தார். அவர் சிஷ்யர் காருகுறிச்சி அருணாசலம் 1962-இல் 'கொஞ்சும் சலங்கை' படத்தின் வாயிலாகவும், மதுரை சேதுராமன்-பொன்னுஸ்வாமி சகோதரர்கள் 1968-இல் 'தில்லானா மோகனாம்பாள்' படத்தின் வாயிலாகவும் நாகசுரத்தைப் பாமரரின் செவிக்கும் கொண்டு சேர்த்தார்கள். 2022-இல் நரசிங்கம்பேட்டை நாகசுரத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. வாத்தியத்தைச் செய்த கைகளுக்குக் காலந்தாழ்ந்தேனும் மரியாதை வந்தது.

ஆயினும் இழப்பு ஒன்று இருக்கிறது. தட்டில் எளிதாக அடங்கியவை நிலைத்தன, அடங்காதவை மங்கின. கிருதியும் சுருங்கிய ஆலாபனையும் எண்ணற்ற பதிவுகளாக நம்மிடம் உள்ளன. மல்லாரியின் வகைகளும், ரக்தி மேளமும், வீதிக்கு வீதி வளரும் பல்லவியும், புறப்பாட்டின் தொடக்கம் முதல் நிலை சேரும் வரையிலான கிரமமும் முழுமையாகப் பதிவாகிக் கேட்கக் கிடைப்பது அரிது. மேனாட்டார் தங்கள் வீர சிம்பனியை நீண்ட தட்டு வந்ததும் இடையறாமல் பதிவு செய்து, ஒவ்வொரு தலைமுறையின் வாசிப்பையும் அடுத்த தலைமுறை ஒப்பிட்டு ஆராயும்படி வைத்திருக்கிறார்கள். எத்தனை மணி நேரமானாலும் பதிவு செய்யும் வசதி இன்று ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் இருக்க, நம்முடைய வீர சங்கீதத்துக்கு மட்டும் அந்தக் கடமையை நாம் செய்யாமல் இருப்பது நியாயமன்று.

ஆகவே குடவாசலிலும் திருவீழிமிழலையிலும் திருப்பாம்புரத்திலும் உத்ஸவம் நடக்கும்போது, முறை தெரிந்த வித்வான்களைத் தக்க ஸம்பாவனையோடு அழைத்து, ஒரு புறப்பாட்டை முதல் மல்லாரி முதல் கடைசி நீலாம்பரி வரை குறைக்காமல் வாசிக்கச் செய்து பதிவு செய்வது ஊராரும் கோயில் நிர்வாகமும் இசைக் கல்லூரிகளும் கூடிச் செய்யத்தக்க பணி. மூன்று நிமிஷத்தில் ஒரு மேதை தோடியின் சாரத்தைக் கொடுத்துவிட்டுப் போனார். அந்தச் சாரம் எந்தப் பெரும்பரப்பிலிருந்து வடிக்கப்பட்டது என்பதை வருங்கால மாணவன் தன் செவியால் அறிந்தால்தான் அந்த மூன்று நிமிஷத்தின் அருமையும் அவனுக்கு முழுமையாக விளங்கும்.