ஒரு விடைபெறல் பாட்டும் அதன் மூன்றாம் சரணமும்

'ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ' பாடலை டாலி பார்ட்டன் 1973-இல் எழுதியது காதலனுக்காக அல்ல; தன்னை வளர்த்துவிட்ட போர்ட்டர் வாகனரிடம் விடைபெறுவதற்காக. வாகனர் அப்போது அமெரிக்கக் கன்ட்ரி இசையின் பெரிய நட்சத்திரங்களில் ஒருவர். டென்னசி மலைப்பகுதியில் பன்னிரண்டு பிள்ளைகள் கொண்ட ஏழைக் குடும்பத்தில் பிறந்த டாலி, 1967-இல் தம் 21-ஆவது வயதில் அவருடைய தொலைக்காட்சி நிகழ்ச்சியில் சேர்ந்தார். ஐந்து ஆண்டுகள் இருந்துவிட்டுத் தனிவழி போவது அவர் போட்டு வைத்திருந்த கணக்கு. அந்தக் கெடு தாண்டியும் வாகனர் விடுவதாக இல்லை. எத்தனை முறை பேசினாலும் வாக்குவாதத்தில்தான் முடிந்தது. சொல்ல வேண்டியதைப் பாட்டாக எழுதி, அவர் முன்னால் போய் நின்று பாடினார் டாலி. கேட்டு வாகனர் அழுதுவிட்டார், அதன் பிறகே போகச் சம்மதித்தார் என்று டாலி பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

நாஷ்வில் நகரில் ஆர்.சி.ஏ. நிறுவனத்தின் ஸ்டூடியோவில் 1973 ஜூனில் பதிவான அந்தப் பாடல் மூன்று நிமிடம்கூட இல்லை. மெல்லிய கிடார், அடங்கிய குரல். மூன்றாவது சரணத்தை டாலி பாடவில்லை. எதிரில் இருப்பவரிடம் சொல்வதுபோல வசனமாகப் பேசுகிறார். பாட்டின் நடுவே இப்படிப் பேசுவது கன்ட்ரி இசையில் பழைய வழக்கம். பிரிந்து போகிறவர், தங்கிவிடுபவர் நன்றாக வாழ வேண்டும் என்று வாழ்த்தும் இடம் அது. குறை சொல்லாமல், பழி போடாமல் பிரிவதுதான் இந்தப் பாடலின் பொருள் என்பதால், அதன் உயிரும் அந்தச் சரணத்தில்தான் இருக்கிறது. 1974 ஜூனில் பாடல் பில்போர்டு கன்ட்ரி வரிசையில் முதலிடம் பிடித்தது.

எல்விஸ் பிரெஸ்லி அதைப் பாட விரும்பினார். டாலிக்குத் தலைகால் புரியாத மகிழ்ச்சி. பதிவுக்கு முந்தைய நாள் எல்விஸின் மேலாளர் கர்னல் டாம் பார்க்கர் ஒரு நிபந்தனை வைத்தார்: பாடலின் பதிப்புரிமையில் பாதியைத் தந்துவிட வேண்டும். எல்விஸ் பாடும் பாடல்களுக்கு அவர் வழக்கமாகக் கேட்ட விலை அது. ஏற்கெனவே முதலிடம் பார்த்த பாடல், தன் குடும்பத்துக்கு விட்டுப்போகும் சொத்து என்று சொல்லி டாலி மறுத்தார். இரவெல்லாம் அழுததாகவும் அவரே சொல்லியிருக்கிறார். அமெரிக்காவில் ஒரு பாடல் வானொலியில் ஒலிக்கும்போது பணம் எழுதியவருக்கும் பதிப்பாளருக்கும்தான் போகும், பாடியவருக்கு இல்லை. இதை அறிந்தால்தான் அந்த மறுப்பின் கனம் விளங்கும்.

1975-இல் லிண்டா ரான்ஸ்டாட் பாடினார். அவர் பதிவில் மூன்றாவது சரணம் இல்லை. 1982-இல் தாம் நடித்த ஒரு திரைப்படத்துக்காக டாலியே மறுபடி பாட, பாடல் மீண்டும் கன்ட்ரி வரிசையின் உச்சிக்குப் போனது. ஒரே பாடலை ஒரே பாடகர் இருமுறை அங்கே முதலிடத்துக்குக் கொண்டுபோனது அதுவே முதல் தடவை.

பத்து ஆண்டுகள் கழித்து 'தி பாடிகார்டு' படத்துக்கு விட்னி ஹூஸ்டன் பாட வேண்டிய பாடலைத் தேடினார்கள். முதலில் நினைத்திருந்த பாடல் வேறொரு படத்தில் வந்துவிட்டது. கதாநாயகன் கெவின் காஸ்ட்னர்தான் இந்தப் பாடலைச் சொன்னார். தொடக்கத்தில் வாத்தியமே இல்லாமல் குரல் மட்டும் ஒலிக்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றவரும் அவரே. தயாரிப்பாளர் டேவிட் ஃபாஸ்டர் கையில் இருந்த மாதிரி ரான்ஸ்டாட்டின் பதிவு. அதில் கடைசிச் சரணம் இல்லை என்பதை டாலி தொலைபேசியில் எடுத்துச் சொல்லிச் சேர்க்க வைத்தார். விட்னியின் பாடலில் கர்க் வேலமின் சாக்ஸபோன் ஓய்ந்ததும் வருவது அந்தச் சரணம்தான். அது முடிந்து ஒரு கணம் மௌனம், ஒரே ஒரு டிரம் அடி, சுருதி ஒரு படி மேலே ஏறுகிறது. உலகம் முழுக்கப் பாடகர்கள் எட்டிப் பிடிக்கத் திணறும் அந்த உச்சத்துக்கு ஏறும் படி, டாலி பேசிச் சொன்ன வாழ்த்துதான். ரான்ஸ்டாட் வழியிலேயே போயிருந்தால் அந்த ஏற்றம் இவ்வளவு நெஞ்சைப் பிடித்திருக்காது.

1992 நவம்பரில் வெளியான விட்னியின் பதிவு அமெரிக்கப் பொது வரிசையில் தொடர்ந்து 14 வாரம் முதலிடத்தில் இருந்தது. அன்றைக்கு அது சாதனை. கார் ஓட்டிக்கொண்டிருந்தபோது வானொலியில் முதல் முறை கேட்ட டாலி, ஓட்ட முடியாமல் ஓரங்கட்டி நிறுத்தினாராம். அந்தப் பதிவு ஈட்டித்தந்த பணத்தின் ஒரு பகுதியில், நாஷ்வில்லில் கறுப்பின மக்கள் வாழும் பகுதியில் ஒரு கட்டட வளாகம் வாங்கியதாகப் பின்னாளில் சொன்னார்.

பாட்டைக் கேட்டு அழுத வாகனர் 1979-இல் டாலி மேல் 30 லட்சம் டாலர் கேட்டு வழக்குப் போட்டார். அது நீதிமன்றத்துக்கு வெளியே தீர்ந்தது. பிணக்கும் ஆறியது. 2007 மே மாதம் நாஷ்வில்லின் 'கிராண்ட் ஓல் ஆப்ரி' மேடையில் வாகனரின் ஐம்பதாண்டு விழா நடந்தபோது, டாலி அவருக்காக அந்தப் பாடலைப் பாடினார். அக்டோபரில் வாகனர் இறந்தார். 2012 பிப்ரவரியில் நியூவார்க் தேவாலயத்திலிருந்து விட்னியின் சவப்பெட்டியைத் தூக்கிச் சென்றபோது ஒலித்ததும் அவர் குரலில் இதே பாடல்தான்.