அண்டக் கதிர்களின் நாள்முறை மாற்றம்

விண்வெளியிலிருந்து வரும் அண்டக் கதிர்களின் செறிவு ஒவ்வொரு நாளும் ஒருமுறை ஏறி இறங்குவதே நாள்முறை மாற்றம். ஏற்ற இறக்கம் மிகச் சிறியது. பெரும்பாலும் அரை விழுக்காட்டைத் தாண்டாது. உச்சம் பிற்பகலில் அமையும்.

விக்டர் ஹெஸ் 1912இல் பலூனில் ஏறி இக்கதிர்களைக் கண்டறிந்தார். வெப்பமண்டலத்தில் இவற்றை முறையாக அளந்தவர்களில் விக்ரம் சாராபாய் முதன்மையானவர். பெங்களூரில் சி. வி. ராமனிடம் தொடங்கிய ஆய்வுக்கு 1947இல் கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம் பெற்றார். அவ்வாண்டே அகமதாபாத்தில் அவர் நிறுவிய இயற்பியல் ஆய்வுக்கூடம் கொடைக்கானலிலும் திருவனந்தபுரத்திலும் கருவிகளை வைத்தது.

தென்னிந்தியாவும் இலங்கையும் புவிக்காந்த நடுக்கோட்டை அண்டியவை. இலங்கையின் ஊவா மலைகளிலும் ஏறத்தாழ 17 கிகாவோல்ட்டுக்கு மேற்பட்ட விறைப்புள்ள, அதாவது காந்தப்புலத்தில் எளிதில் வளையாத, துகள்களே செங்குத்தாக வந்து சேரும். இங்கே வேறொரு தொல்லையும் உண்டு. காற்றழுத்தம் காலை, இரவு பத்து மணியளவில் உயர்ந்து, நான்கு மணியளவில் தாழும். ஒரு மில்லிபார் கூடினால் நியூத்திரன் எண்ணிக்கை 0.6–0.7% குறையும். பாரமானியின் துணையில்லாத அளவீட்டை நம்ப முடியாது.

சூரியப் புள்ளிகள் பெருகும்போது மொத்தச் செறிவு குறைவதை ஸ்காட் ஃபோர்புஷ் 1954இல் காட்டினார். அதற்கு முந்தைய ஆண்டே தம்பையாபிள்ளை, எலியட் என்னும் ஆய்வாளர்கள் நாள்முறை உச்சத்தின் நேரம் ஆண்டுகளூடே முன்னோக்கி நகர்ந்திருப்பதை ‘நேச்சர்’ இதழில் எழுதினர். பல நாடுகளின் பதிவுகளிலும் அந்நகர்வு ஒருமித்திருந்ததால் வானிலையைக் காரணமாகச் சொல்ல இயலவில்லை; 22 ஆண்டுச் சுழற்சியே பொருந்தியது. சூரியக் காற்று பற்றிய கோட்பாடு பிறக்கும் முன்பே இது தெரியவந்தது என்பதே இதன் பெருமை.

1958இல் யூஜின் பார்க்கர் அக்கோட்பாட்டை முன்வைத்தார். சூரியக் காற்றில் பரவி, சூரியனோடு சேர்ந்து சுழலும் காந்தப்புலம் அண்டக் கதிர்த் துகள்களையும் இழுத்துச் செல்கிறது. அது வினாடிக்கு 30 கிலோமீட்டரில் நகரும் பூமியைவிடப் பன்மடங்கு விரைவானது. ஆகவே பூமியின் பின்புறமான மாலைப் பக்கத்தில் துகள்கள் கூடுதலாக விழுகின்றன. விண்வெளியில் உச்சம் 18 மணி. புவிக்காந்தம் வளைப்பதால் தரையில் முன்னதாகவே தெரிகிறது. சூரியன் அமைதியான ஆண்டுகளில் வீச்சு சுருங்கும். சூரியனின் காந்த முனைகள் பதினோரு ஆண்டுக்கொருமுறை இடம் மாறுவதால், 1954, 1976, 1996 ஆகிய ஒன்றுவிட்ட தாழ்நிலைகளில் உச்சம் முன்னே சரிந்தது.

இன்று உதகமண்டலத்தில் 2,200 மீட்டர் உயரத்தில் இயங்கும் கிரேப்ஸ்-3 ஆய்வகம், 560 சதுரமீட்டர் மியூவான் தொலைநோக்கியால் வானத்தை 169 திசைகளாகப் பிரித்து இம்மாற்றத்தைப் பதிகிறது.