வேலன் வாயில் பிறந்த எள்ளல்: கொக்குப் பாட்டும் யாழ்ப்பாண மேடையும்

தமிழ் இசை நாடக மேடை தந்த எள்ளற் பாட்டுகளுள் பெரும்புகழ் பெற்றது கொக்குப் பாட்டு. சங்கரதாஸ் சுவாமிகளின் 'வள்ளி திருமணம்' நாடகத்தில் முருகனாக வேடம் பூண்ட எஸ். எஸ். விசுவநாததாஸ் அதைப் பாடினார். இயற்றியவர் மதுரகவி பாஸ்கரதாஸ் என்பது பெருவழக்கு. சுவாமிகள் எழுதிய நாடகத்தில் இந்தப் பாட்டு கிடையாது. பிறகு வந்து சேர்ந்த ஒரு பாட்டு நாடகத்தோடு எப்படி ஒட்டிக்கொண்டது என்று ஆராய்ந்தால், இசை நாடகத்தின் வலு எங்கே இருக்கிறது என்பது தெரியவரும்.

தினைப்புனத்தில் பரண்மீது நின்று வள்ளி ஆலோலம் பாடிப் பறவை ஓட்டுகிறாள். வேடனாக வரும் முருகன் அவளோடு தர்க்கம் செய்கிறான். விளைச்சலைத் தின்னவரும் பறவையை விரட்டுவது கதையிலேயே உள்ள செயல். அந்தப் பறவைக் கூட்டத்தில் ஒரு வெள்ளைக் கொக்கைப் பறக்கவிட்டால் போதும்; வணிகத்துக்கென வந்தவர் நாட்டையே மேய்ந்த கதை சபைக்கு விளங்கிவிடும். நாடகங்களைத் தடைசெய்ய 1876 முதலே ஆங்கிலேய அரசின் கையில் சட்டம் இருந்தது. ஆனால் பாட்டின் மேற்பொருள் பறவையைத் தாண்டவில்லை. குற்றம் சாட்ட வந்தவர், கொக்கு என்பது தம்மையே குறிக்கிறது என்று முதலில் ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. அப்படியிருந்தும் விசுவநாததாஸ் பலமுறை சிறை சென்றார். திரும்பி வந்து மறுபடியும் பாடினார்.

இதற்கு இடங்கொடுத்தது நாடகத்தின் அமைப்பு. 'ஸ்பெஷல் நாடக'த்தில் நடிகர்கள் தனித்தனியே அழைக்கப்பட்டு ஒரே மேடையில் கூடுவர். கதை எல்லாருக்கும் தெரியும். மெட்டுகள் ஆர்மோனியக்காரருக்குத் தெரியும். தர்க்கத்தை எவ்வளவு நீட்டுவது, எந்த இடத்தில் எந்தப் பாட்டைச் சேர்ப்பது என்பதெல்லாம் நடிகரின் வித்துவத்தையும் சபையின் மனநிலையையும் பொறுத்தவை. பழைய கதைக்குள் அன்றைய செய்தி நுழைவதற்கான வாசல் எப்போதும் திறந்தே இருந்தது.

விசுவநாததாஸின் வாழ்வில் இன்னொரு போராட்டமும் இருந்தது. சிவகாசியில் 1886இல் மருத்துவர் குலத்தில் பிறந்த அவரோடு, சாதி காரணமாக வள்ளியாக நடிக்க மறுத்த நடிகைகள் இருந்தனர். முருகனாக வணங்கப்பட்டவரை மனிதராக ஏற்கச் சமூகம் தயங்கியது. 1940 டிசம்பர் 31ஆம் நாள் சென்னை மேடையில், முருகன் வேடத்தில் மயில்மீது அமர்ந்த நிலையிலேயே அவர் உயிர் பிரிந்தது.

தென்னிந்தியக் குழுக்கள் வழியாக இந்த நாடகமரபு யாழ்ப்பாணத்துக்கும் வந்து, கொட்டகைக் கூத்து என்ற பெயரில் வேர்கொண்டது. காங்கேசன்துறையில் நடிகமணி வி. வி. வைரமுத்துவும் (1924-1989) அவரது வசந்த கான சபாவும் அதைக் கோயில் வீதிகள்தோறும் கொண்டுசென்றனர். இங்கே அரசியல் விழிப்பும் சாதி ஒழிப்புக் குரலும் ஒன்றாகவே எழுந்தன. 1924இல் தோன்றி 1927 நவம்பரில் காந்தியை யாழ்ப்பாணத்துக்கு வரவழைத்த மாணவர் காங்கிரஸ், விடுதலையையும் தீண்டாமை ஒழிப்பையும் சேர்த்தே பேசியது.

வெள்ளையர் ஆட்சி போன பின்னரும் கோயில் வாசல்கள் எல்லாருக்கும் திறக்கவில்லை. சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் 1957இல் வந்தது. இருந்தும் 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில், ஒடுக்கப்பட்ட மக்கள் உள்ளே செல்வதற்காகச் சத்தியாக்கிரகம் இருக்க வேண்டியிருந்தது. அந்தப் போராட்டச் சூழலில் உருவான நாடகம் என். கே. ரகுநாதனின் 'கந்தன் கருணை'. அம்பலத்தாடிகள் குழுவினர் அதனைக் காத்தான் கூத்துப் பாணியில் ஆக்கி மேடையேற்றினர். ஊரெல்லாம் வாயில் முணுமுணுக்கும் மெட்டுகளில், கோயிலுக்குரிய கந்தனையே மேடைக்கு இறக்கி, அடைத்த கதவின் நியாயத்தை விசாரித்த நாடகம் அது.

கொக்குப் பாட்டு, 'கந்தன் கருணை' இரண்டிலும் முருகனே துணை நிற்கிறான். தமிழகத்தில் அந்நியரை எள்ளிய வேலன், வட இலங்கையில் நம்மவரின் மனக்கதவை எள்ளினான். இரண்டாவது எள்ளலே கடினமானது. முதலாவதில் சபை முழுதும் ஒரு பக்கம் நின்று கைதட்டலாம். இரண்டாவதில் சபைக்குள்ளேயே கேள்வி கேட்கப்படுபவர் இருக்கிறார். சாமி கதையும் பழகிய மெட்டும் துணையாக வந்ததால்தான் அவரும் எழுந்துபோகாமல் கேட்டிருக்க முடியும்.

இன்று இசை நாடகத்தைப் பேணுவோம் என்று மலர்தோறும் எழுதுகிறோம். பேணுவது என்பது அச்சிட்ட பனுவலை எழுத்துப் பிசகாமல் ஒப்பிப்பதோடு முடிந்துவிட்டால், கொக்குப் பாட்டு பிறந்த வாசலை நாமே அடைத்தவராவோம். மூத்த கலைஞர்கள் எந்தக் காட்சியில் எதைச் சேர்த்துப் பாடினர், எந்த மெட்டை எதற்காக மாற்றினர் என்பதை அவர்கள் இருக்கும்போதே கேட்டு ஒலிப்பதிவு செய்ய வேண்டும். இளம் நடிகருக்கு ராகத்தோடு தர்க்கத்தையும் பயிற்ற வேண்டும். நம் காலத்து அநீதியைக் கண்டு அவர்கள் சொந்தமாக ஒரு பாட்டுக் கட்டினால், அதற்குப் பழைய நாடகத்தில் இடம் விடுவதே விசுவநாததாஸுக்குச் செய்யும் மரியாதை.