கருவிழிப் புண்ணும் ஸ்டீரொயிட் துளியும்: ஒரு மருத்துவப் பரிசோதனையைக் குடாநாட்டிலிருந்து வாசித்தல்

கருவிழிப் புண்ணுக்கு ஸ்டீரொயிட் துளி விடலாமா என்ற வழக்கை 2012இல் வெளிவந்த 'ஸ்கட்' பரிசோதனை முடித்துவைத்துவிட்டதாக ஒரு வாசிப்பு நிலைபெற்றிருக்கிறது. பெரிய நன்மை இல்லை, தீங்கும் இல்லை. ஆகவே நுண்ணுயிர்க்கொல்லியோடு சேர்த்துக் கொடுத்தால் பிழையில்லை என்பது அதன் சாரம். யாழ்ப்பாணத்து நோயாளரைப் பொறுத்தவரை இந்த வாசிப்பு நிற்காது என்பது என் கட்சி.

அதில் சேர்க்கப்பட்ட 500 பேரில் 485 பேர் தமிழ்நாட்டு அரவிந்த் கண் மருத்துவமனைகளுக்கு வந்தவர்கள். வெயிலும் வயலும் நமக்குப் பழக்கமானவை என்பதால் முடிவை அப்படியே கடல் தாண்டிக் கொண்டுவரத் தோன்றும். ஆனால் அவர்கள் எல்லோரும் புண்ணைச் சுரண்டி வளர்ப்புச் சோதனை செய்ததில் பற்றீரியா என்று உறுதியானவர்கள். பங்கசு, அக்கந்தமீபா, ஹேர்ப்பீஸ் கண்டவர்களை வாசலிலேயே திருப்பிவிட்டார்கள். உள்ளே வந்தவர்களுக்கும் முதல் 48 மணிநேரம் மொக்சிபுளொக்சசின் மட்டுமே. பிறகுதான் ஒரு சாராருக்கு 1% பிரெட்னிசொலோன், மறுசாராருக்கு மருந்தில்லாத் துளி. மூன்றாம் மாதத்தில் இரு சாராரின் பார்வையிலும் வேறுபாடு தெரியவில்லை.

திருப்பப்பட்டவர்கள் சிறு தொகையா? 1994இல் மதுரையில் மூன்று மாதத்தில் பார்த்த 434 புண்களில், கிருமி வளர்ந்தவற்றுள் பங்கசும் பற்றீரியாவும் ஏறத்தாழச் சரிபாதி. இந்த விகிதம் குடாநாட்டுக்கும் பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் வடலிக்குள் கருக்குமட்டை கீறியவரும், அரிவி வெட்டில் நெற்கூர் பட்டவரும் பங்கசுக்கு வாய்ப்பானவர்கள் என்பதில் ஐயமில்லை. அவர் பாமசியில் டெக்சாமெதசோன் கலந்த துளியை வாங்கி விட்டால், இரண்டொரு நாளில் சிவப்பும் நோவும் தணியக்கூடும், பங்கசு தணியாது. சிறகுபோல் பிரிந்த விளிம்பும், பக்கத்தில் தனித்தனி வெண்புள்ளிகளும், கருவிழிக்குப் பின்னால் தேங்கிய சீழுமாக அவர் வரும்போது, கண்ணில் பூ விழாமல் காப்பது கடினம். நோயாளிக்குச் சுகம் தெரிகிறதே என்ற வாதத்துக்கு இதைவிட நீண்ட பதில் வேண்டியதில்லை.

கடுமையான புண்களில் ஸ்டீரொயிட் பலன் தந்ததாக உப பகுப்பாய்வு காட்டியது உண்மை. அதுவும் உறுதிசெய்யப்பட்ட பற்றீரியாவில்தான். அந்த வாசலைத் தாண்டியும் ஆபத்து உண்டு: மண்ணில் வாழும் நொக்கார்டியாவும் பற்றீரியாதான்; அது கண்டவர்களுக்கு ஸ்டீரொயிட்டால் தழும்பு பெரிதாயிற்று. தோட்டத்து மண்ணில் நாள் முழுக்க நிற்பவருக்கு இது அடிக்குறிப்பாக ஒதுங்கவேண்டிய செய்தியல்ல.

கண்ணால் பார்த்தே கிருமியைச் சொல்லிவிடலாம் என்பாரும் உளர். படங்களைக் காட்டிக் கேட்டபோது, கருவிழி நிபுணர்களே பற்றீரியாவையும் பங்கசையும் சரியாகப் பிரித்தது 66% தடவைதான். பொட்டாசியம் ஐதரொட்சைட்டு இட்டு நுணுக்குக்காட்டியில் பார்த்தால் பங்கசு இழை சில நிமிடத்தில் தெரியும். தெரிந்தால், 2013 பரிசோதனை காட்டியபடி, வொரிகொனசோலைவிட 5% நாட்டமைசினே மேல். இழை தெரியாததால் மட்டும் பங்கசு இல்லையென்று ஆகாது. வளர்ப்பின் முடிவு வரும்வரை ஸ்டீரொயிட் போத்தலைத் திறக்க 'ஸ்கட்' யாருக்கும் அனுமதி தரவில்லை.